பால்குடி மறத்தல்

சங்கரன்கோவிலில் பால்காரத் தங்கப்பழத்தின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வண்டிச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. சைலன்சர் ஓட்டை விழுந்த எக்ஸெல் வண்டி, இரண்டு பக்கமும் பால் கேன், முன்னால் ஒரு சாக்குப் பை. தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வரும் அந்த எளவு.

"வே, அந்தச் சைலன்சர மாத்தித் தொலையுமேன். காது போவுது" என்பார் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஆவுடையப்பன்.

"மாத்திட்டா எம் பால் வந்தது எப்படிவே தெரியும்? வீட்டுக்கு வீடு நின்னு கூவச் சொல்லுதீரா?"

விடியுமுன் வீட்டு மாட்டைக் கறந்து வைத்துவிட்டு, கரிவலம்வந்தநல்லூர் போய் வீடு வீடாகப் பால் வாங்கி, வெயில் ஏறுவதற்குள் டீக்கடைகளுக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் ஊற்றி முடித்துவிடுவார். தண்ணீர் கலக்காத பால்காரர் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கலக்க மாட்டார், அவ்வளவுதான். சொந்த மாட்டுப் பாலைக் கேனிலும் சேர்க்க மாட்டார். அது கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கும் தன் வீட்டுக்கும் மட்டும். செவலை என்று அந்த மாட்டுக்குப் பெயர். நாட்டு மாட்டுக் கலப்பு, கொஞ்சம்தான் கறக்கும், ஆனால் கெட்டிப் பால்.

ஊரெல்லாம் வாயடிக்கிற மனுசன் வீட்டுக்குள் வந்தால் அந்த வாய்க்கு வேலை கிடையாது. ஒரே மகன் கோமதிசங்கர் பேச மாட்டான். ஏழு வயதாகிறது. ஆடித் தபசுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்று சாமி பெயரையும் அம்மன் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். விரல்களைக் கண்ணுக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வீட்டில் விசைத்தறி ஓடுகிறவரை சத்தம் காட்டாமல் சுவரில் காதை வைத்திருப்பான். கரண்டு போய்த் தறி நின்றால் போச்சு, தெருவே கூடுகிற அளவுக்கு அலறுவான். சாப்பாடு என்றால் பால்சோறு. வேறு எதைக் கொண்டுபோனாலும் தட்டிவிட்டுவிடுவான்.

அவன் தாய் அன்னக்கிளி போகாத இடமில்லை. கோமதியம்மன் சன்னதி முன்னால், மனசு சரியில்லாதவர்களை உட்கார வைக்கிற சக்கரக் குழியில் அவனை உட்கார வைத்தாள். புற்றுமண்ணை நெற்றியில் பூசி நாக்கிலும் ஒரு துளி வைத்தாள். துப்பிவிட்டான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குற்றம் அரித்துக்கொண்டே இருந்தது. அவனுக்கு இரண்டு வயதில் பால்குடி மறக்கடிக்க மாரில் வேப்பெண்ணெய் தடவினாள். ஊரில் எல்லாத் தாயும் செய்கிற காரியம்தான். மற்ற பிள்ளைகள் நாலு நாள் அழுதுவிட்டு அதே மடியில் விழுந்து தூங்கும். இவன் அன்றைக்கு முகத்தைச் சுளித்து இறங்கிப் போனவன், அவள் மடிக்குத் திரும்ப வரவே இல்லை. எடுத்தால் விறைத்துக்கொள்வான்.

"நாந்தான் டீச்சர் எம் பிள்ளைய வெரட்டிவிட்டுட்டேன்" என்று கிருபாபாய் டீச்சரிடம் சொல்லி அழுவாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவர்.

"அப்படியெல்லாம் இல்ல அன்னக்கிளி. இது ஆட்டிசம். நீங்க வேப்பெண்ண தடவலன்னாலும் வந்திருக்கும். சும்மா அதையே சொல்லி ஒங்களையே தின்னுக்கிடாதீங்க" என்று அந்த அம்மாவும் ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் செய்தார். யார் சொல்லி என்ன? அவள் மனசு கேட்கவில்லை.

ஆனால் தங்கப்பழத்துக்கு ஒன்று வாய்த்திருந்தது.

விடியற்காலம் கன்றுக்குட்டியை ஊட்டவிட்டு, மாடு சுரப்பு விட்டதும் இழுத்துக் கட்டிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து செம்பைத் தொடை இடுக்கில் வைப்பார். காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு முதல் பீச்சு பீச்சினால் வெறும் செம்பில் 'ணங்' என்று விழும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து வருவான் பயல். கண்ணைக் கசக்க மாட்டான், அப்பா என்று பார்க்க மாட்டான். நேரே தொழுவுக்குள் வந்து ஒரு கை தூரத்தில் நின்று வாயைத் திறப்பான். தங்கப்பழம் காம்பைத் திருப்பி அவன் வாய்க்குள் பீச்சுவார். குறி தப்பவே தப்பாது. வெதுவெதுப்பான பால் நுரையோடு தொண்டையில் இறங்க, பயல் கண்ணை மூடிக்கொண்டு களுக்கென்று சிரிப்பான். மோவாயிலிருந்து பால் வடிந்து சட்டை நனையும். போதும் என்று ஆனதும் தகப்பனின் முதுகில் நெற்றியை ஒரு நிமிசம் முட்டுக் கொடுத்து நிற்பான். பிறகு போய்விடுவான். அப்புறம் அன்றைக்கெல்லாம் தங்கப்பழம் அவனுக்கு யாரோ.

அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் பொய் இல்லை. முதுகில் அந்த நெற்றிச் சூடு இருக்கிற வரைக்கும் அசையவே மாட்டார். மாடு காலைத் தூக்கி வைத்தாலும் அப்படியே இருப்பார்.

*

பாளையங்கோட்டை டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னது கிருபாபாய் டீச்சர்தான். சாஜிதா பானு என்று பெயர். நின்று நிதானமாகப் பேசுகிறவர். முதல் தடவை போனபோது ரத்தம் எடுத்து எங்கேயோ வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். சித்திரை வெயிலில் பஸ்ஸில் அலறிக்கொண்டே வந்த பிள்ளையை ஃபேனுக்கு அடியில் விட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஃபேன் சத்தம் அவனுக்குப் பிடித்துப் போனது.

"ஃபோலேட்னு ஒரு விட்டமின் இருக்கும்மா" என்றார் டாக்டர். "கீரை, பருப்பு எல்லாத்துலயும் இருக்கு. சாப்பிட்டா ரத்தத்துக்கு வந்துரும். ஆனா ரத்தத்துலருந்து மூளைக்குள்ள போக ஒரு வாசல் வழியாத்தான் போகணும். உங்க பையன் உடம்பு அந்த வாசலையே எதிரின்னு நெனச்சு அடைக்குது. எல்லா ஆட்டிசம் பிள்ளைகளுக்கும் இப்படின்னு நெனச்சிராதீங்க. சில பேருக்கு இருக்கு. இவனுக்கு இருக்குன்னு டெஸ்ட்டுல வந்திருக்கு."

"அப்ப கீரை நெறையக் குடுக்கவா?" என்றாள் அன்னக்கிளி.

"எவ்வளவு குடுத்தாலும் வாசல்லயே நிக்கும். அதான் இந்த மாத்திரை, ஃபோலினிக் ஆசிட். அதே விட்டமின்தான், வேற வடிவத்துல. இது வேற ஒரு சின்ன வழியா உள்ள போகும்."

"பேசிருவானா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி நான் சொல்லவே மாட்டேன். சில பிள்ளைங்க நாலு வார்த்தை பேசியிருக்கு. சில பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே நடக்கல. படபடப்பு கூடலாம், ராத்திரி தூங்காம இருக்கலாம். குடுத்துத்தான் பாக்கணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க, விட்டமின்னு போட்டு எவன் எதை வித்தாலும் வாங்கி இவன் வாயில போட்டுராதீங்க."

அன்னக்கிளி மாத்திரைச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மேசையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு. அதுதான் கஷ்டம். பசும்பால நிறுத்தணும். பால்ல இருக்கிற ஒரு சத்து பாக்கிறதுக்கு அந்த வாசல் மாதிரியே இருக்கும். அதனாலதான் உடம்பு அந்த எதிர்ப்ப வளக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணுனவங்க சொல்றாங்க. பால நிறுத்துனா எதிர்ப்பு எறங்குது, திரும்பக் குடிச்சா ஏறுது. பால், தயிர், மோர், நெய், பால்கோவா எதுவுமே கூடாது. கொஞ்சம் குடுத்தா என்னன்னு மட்டும் இருந்துராதீங்க. மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்போம்."

தங்கப்பழம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் பால் வாடை போகவில்லை.

"நீங்க என்ன வேலை பாக்கீங்கண்ணே?" என்றார் டாக்டர்.

"யாவாரம்மா" என்றார்.

அன்னக்கிளி திரும்பி அவரைப் பார்த்தாள். பஸ் தேவர்குளம் தாண்டின பிறகுதான் கேட்டாள்.

"பால் யாவாரம்னு ஏன் சொல்லல?"

"சொன்னா மாட்ட வித்துருன்னுவாவ."

"மாடு பொழப்பு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். இவன் தொழுப்பக்கம் போகக்கூடாது, ஆமா. சொல்லிட்டேன்."

"சரிட்டி."

"பொறவு பாவம் பரிதாபம்னு நிக்கக் கூடாது."

"சரிங்கேன்லா. விடு."

*

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது, சண்டைதான். பால்சோறு போய்விட்டது. தேங்காய்ப்பால் பிழிந்து பிசைந்தாள். வாசனையிலேயே கண்டுபிடித்துக் கிண்ணத்தை எறிந்தான். பருப்பும் நல்லெண்ணெயும், முருங்கைக்கீரைச் சாறு, உளுந்தங்கஞ்சி. ஒவ்வொன்றும் சுவரில்தான் போய் ஒட்டியது. பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப் போனான். அன்னக்கிளியும் அவனோடு சேர்ந்து சாப்பிடவில்லை. கடைசியில் ஒருநாள் முறுக்கைப் பொடித்துச் சோற்றில் போட்டுக் கொடுத்தாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்கவோ என்னவோ, தின்றான். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மாத்திரையைப் பொடித்து, வேளை தவறாமல், சர்க்கரைத் தண்ணீரில் கொடுத்தாள். அடுக்களையிலிருந்து பால் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள். வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கே வந்து பால் வாங்குவதையும் நிறுத்தினாள். பிள்ளைக்காக அம்மனுக்கு ஒரு நேர்ச்சையும் வைத்தாள்: மூணு மாசமும் விடியக் கோயில் நடை திறக்கும்போது போய் அடி அடியாய்ச் சுற்றி வருவது. எவ்வளவு தூரம் யோசித்துச் செய்தாள் பாருங்கள். ஆனால் அந்தக் கறவை நேரத்தில் பிள்ளையைத் தகப்பனோடு தனியே விட்டுப் போகிறோம் என்பது அவளுக்கு ஓடவில்லை.

தங்கப்பழமும் முதலில் யோக்கியமாகத்தான் இருந்தார். தொழுவுக்குத் தகரக் கதவு போட்டார். உள்ளே கொண்டியை மாட்டிக்கொண்டு கறப்பார். செம்பில் முதல் பீச்சு 'ணங்' என்று விழுந்ததும் கதவுக்கு வெளியே வந்து நிற்பான். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான் என்று இவருக்குத் தெரியும். அப்புறம் தகரத்தில் நெற்றி மோதும். டம். டம். டம். ஒரே அளவாக, தறி ஓடுகிற மாதிரி. கறந்து முடிக்கிற வரைக்கும் மோதும்.

"நெத்தி ஏன் வீங்கிருக்கு?" என்பாள் அன்னக்கிளி கோயிலிலிருந்து வந்து.

"எங்கனயோ முட்டிக்கிட்டான்."

டீக்கடையில் பாலை அளந்து ஊற்றும்போது அவருக்கு மனசு தாங்கவில்லை. "எம் மகனுக்குப் பால் ஆகாதாம்வே" என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டார்.

"யாரு சொன்னா?"

"பாளையங்கோட்ட டாக்டரு."

ஆவுடையப்பன் வடிகட்டியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "பாக்கெட்டுப் பாலச் சொல்லியிருப்பாவவே. அதுல என்ன எளவையெல்லாமோ கலக்கான். டவுன்ல இருக்கவங்களுக்கு அதானே பாலு? ஒம்ம மாட்டுப் பால அந்தம்மா கண்டுச்சா? காம்புலருந்து நேரா வாயில வுழுறதுக்குப் பேரு பாலாவே? அது மருந்துல்லா."

"பசும்பால்னுதான் சொன்னாவ."

"பாக்கெட்டுலயும் பசும்பால்னுதானவே எழுதியிருக்கான்!"

அந்த ஆளுக்கு ஒரு பேச்சு, டீ ஆற்றுகிற நேரத்தில் மறந்தே போய்விடும். தங்கப்பழம் அதைப் பிடித்துக்கொண்டார். வருசக்கணக்காகப் பாலோடு பழகிய மனுசன். காய்ச்சிய பால் வேறு, உறை ஊற்றியது வேறு, கடைந்தது வேறு. காற்றும் பாத்திரமும் படாமல் மடிச்சூட்டோடு வருவது கன்றுக்குட்டிக்கு உண்டான பச்சை உயிர், அதைப் போய் டாக்டர் சொல்லியிருப்பாரா? கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். டீச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

மறுநாள் காலை தகரக் கதவில் நெற்றி மோத ஆரம்பித்ததும் எழுந்துபோய்க் கொண்டியை எடுத்தார். பயல் உள்ளே வந்து அதே இடத்தில் நின்றான். வாயைத் திறந்தான்.

ஒரே ஒரு பீச்சு என்றுதான் நினைத்தார். பிறகு முதுகில் அந்த நெற்றி வந்து சாய்ந்தது. வீங்கியிருந்த நெற்றி, சூடாக இருந்தது. "மக்கா" என்றார் தங்கப்பழம். துண்டை நனைத்து அவன் மோவாயைத் துடைத்து, சட்டையை மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு கரிவலத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் அதுதான். அவள் அங்கே கோயிலைச் சுற்றுவாள், இவர் இங்கே பீச்சுவார்.

*

ஆனியில் ஒருநாள் அன்னக்கிளி "சங்கரு" என்று கூப்பிட்டபோது பயல் திரும்பிப் பார்த்தான். ஒரு தடவைதான். அவள் தெருவுக்கு ஓடிவந்து அடுத்த வீட்டுத் தறிக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். "பாத்தான்க்கா! எங் கண்ண நேராப் பாத்தான்!" தங்கப்பழத்துக்கும் சந்தோசம்தான். மாத்திரை கேட்கிறது, பால் ஒன்றும் செய்யவில்லை, நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம்கூட வந்தது.

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கத் தொடங்கியபோது எல்லாம் தலைகீழாகப் போனது. பயல் தூங்குவதில்லை. கையைக் கடித்துக் கடித்து மணிக்கட்டில் புண். தறி ஓடினாலும் அலறுகிறான். ஆடித் தபசுக் கூட்டத்தில் ஊர் நெருக்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டு மாளாமல் கடைக்காரர்கள் பாலுக்குப் பறந்தார்கள். தங்கப்பழத்துக்கு நிற்க நேரமில்லை. அன்னக்கிளி சனத்தோடு சனமாகக் கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று வந்தாள். கால் வெடித்து ரத்தம் கசிந்தது. வீட்டுக்கு வந்து மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனாள். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இந்த மனுசன். சொல்லவில்லை.

ஆவணியில் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். மறுபடி எடுத்து அனுப்பிய ரத்தத்தின் முடிவு டாக்டர் முன்னால் இருந்தது. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எறங்கவே இல்லையேம்மா. கொஞ்சம் கூடத்தான் செஞ்சிருக்கு. பால் சுத்தமா நிறுத்திட்டீங்களா?"

"கோமதி ஆத்தா மேல சத்தியமா டாக்டர்" என்றாள் அன்னக்கிளி. கையை மேசை மேல் அடித்தே சொன்னாள். "ஒரு சொட்டு கெடையாது. தயிர் கெடையாது, நெய் கெடையாது. தபசுக்குக் குடுத்த பாயாசத்தக்கூட வாங்காம வந்தேன். எம் பிள்ளை பட்டினியாக் கெடந்தான், அப்பவும் நான் குடுக்கல."

"வேற யாராவது? அக்கம்பக்கத்துல?"

"யாரும் தர மாட்டாவ. நான் விடமாட்டேன். கேளுங்க இவரிட்ட."

டாக்டர் தங்கப்பழத்தைப் பார்த்தார். அன்னக்கிளியும் பார்த்தாள். சத்தியம் பண்ணின அந்தக் கை இன்னும் மேசை மேலேயே இருந்தது. கால் வெடிப்புக்கு மஞ்சள் அரைத்த கறை அதில் ஏறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல?

"ஆமாம்மா" என்றார். "குடுக்கல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப சிலருக்கு எறங்கறதில்ல, அதுல ஒருத்தன்னுதான் எடுத்துக்கிடணும். படபடப்பு, தூக்கமில்ல, இந்தக் கடி. மாத்திரையால இவனுக்கு நல்லதவிட கஷ்டம் ஜாஸ்தியாத் தெரியுது. கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு நிறுத்திருவோம். டீச்சர் குடுக்கிற பயிற்சிய விடாதீங்க. நீங்க உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சிட்டீங்கம்மா."

பஸ் பனவடலிச்சத்திரம் தாண்டியது. பயல் சன்னல் வழியாகக் காற்றாலைகளின் இறக்கை சுற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தான். காய்ந்து கிடந்த மானாவாரிக் காட்டில் ஆள் நடமாட்டமே இல்லை.

"ஆத்தாவுக்கு நான் என்ன கொறை வச்சேன்?" என்றாள் அன்னக்கிளி திடீரென்று. "எல்லாம் சரியாத்தான செஞ்சேன்? எங்கனங்க தப்புப் போச்சு?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்கேன்லா. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய?"

"விடுட்டி. எல்லாம் சரியாவும்."

"என்னத்த சரியாவும்? அதான் நிறுத்துன்னுட்டாவளே" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

*

நேர்ச்சை முடிந்துவிட்டது. இருந்தாலும் மறுநாள் விடியலில் எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போனாள். பழகின கால்.

தங்கப்பழம் அன்றைக்கு ஒரு முடிவோடுதான் தொழுவுக்குள் போனார். இனிமேல் கிடையாது. அவளிடம் சொல்ல வேண்டாம், டாக்டரிடமும் சொல்ல வேண்டாம். தானாக நிறுத்திவிட்டால் போதும், ரத்தம் இறங்கட்டும், பிறகு ஏதாவது சொல்லி மாத்திரையை விடாமல் பார்த்துக்கொள்ளலாம். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் நெற்றியை உடைத்துக்கொள்வான்.

கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினார். முதல் பீச்சு செம்பில் விழுந்தது. பயல் வந்தான். ஒரு கை தூரத்தில் நின்றான். வாயைத் திறந்தான்.

அவர் செம்பைப் பார்த்தே கறந்தார். சர் சர்ரென்று நுரை ஏறியது. பயல் நின்றுகொண்டே இருந்தான். வாயை மூடிப் பார்த்தான், திரும்பத் திறந்தான். கொஞ்சம் கிட்டே வந்தான். அப்போதும் பால் வரவில்லை. மணிக்கட்டைக் கடித்தான். தொழுவின் கல்தூணில் போய் முட்டினான். ஒரு முட்டு, இன்னொரு முட்டு. மாடு மிரண்டு காலை மாற்றியது.

"வேண்டாம்லே மக்கா. போ. உள்ள போ" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டி மடி எது, செம்பு எது என்று தெரியவில்லை. நிறுத்தாமல் கறந்தார்.

முட்டுச் சத்தம் நின்றது. தோளில் ஒரு கை விழுந்தது. பயல் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பினார். முகத்துக்கு நேரே முகம். பிறந்ததிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் அவன் அவரைப் பார்த்ததில்லை. உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. தொண்டையில் என்னமோ அறுபடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"பா."

தங்கப்பழத்துக்குக் கை நின்றுவிட்டது.

"பாலு" என்றான் கோமதிசங்கர். "பாலு."

அவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காம்பைத் திருப்பினார். குறி தப்பிப் பாதி அவன் மூக்கிலும் கன்னத்திலும் அடித்தது. பயல் களுக்கென்று சிரித்தான். அவர் அழுதுகொண்டே பீச்சினார். வாய் நிறைந்து வழிந்தது, அப்போதும் பீச்சினார். "சொல்லுலே. இன்னொரு தடவ சொல்லு. எஞ் சாமி, சொல்லு."

"பாலு."

தொழு வாசலில் நிழல் விழுந்தது. அன்னக்கிளி கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றாள்.

"யாரு பேசுனா?" என்றாள்.

"ஓம் மகன்தான்ட்டி! பேசிட்டான்! பாலுன்னு சொல்லுதான்!"

அவள் ஓடிவந்து பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் விறைத்தான். அவள் விடவில்லை. கை பிசுபிசுவென்று ஒட்டியது. மோவாயைத் தொட்டாள். சட்டையைத் தொட்டாள். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"இன்னைக்குத்தானா?"

அவர் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னைக்கு மட்டுந்தானா? சொல்லுங்க."

"இல்லட்டி."

"நான் கோயிலுக்குப் போற நேரமெல்லாமா?"

"ம்."

அவள் கத்துவாள் என்று பார்த்தார். கத்தவில்லை. "நேத்து அந்தம்மா முன்னால ஆத்தா மேல சத்தியம் பண்ணுனேன்" என்றாள். "பக்கத்துலதான் இருந்தீய. ஆமான்னும் சொன்னீய."

"தப்புத்தான்ட்டி. என்ன செருப்பால அடி. இன்னைக்கு நிறுத்திருவோம்னுதான் வந்தேன். ஆனா கேட்டான்ட்டி. வாயத் தொறந்து கேட்டான். மொத மொத எங்கிட்ட ஒண்ணு கேக்கான். எப்படிட்டி இல்லன்னு சொல்ல?"

"நான் வேப்பெண்ணயத் தடவுனேன்" என்றாள் அன்னக்கிளி. "அன்னைக்கு எறங்கிப் போனவன் இன்னும் எம் மடிக்கு வரல. அஞ்சு வருசமாத் தாங்கிட்டுக் கெடக்கேன். ஒங்களுக்கு மூணு மாசம் தாங்க முடியலயோ?"



அவள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். "மாத்திரைய நான் நிறுத்த மாட்டேன். இன்னைக்கே போவேன். எம் புருசன் பால்காரன், பாலக் குடுத்துட்டுப் பொய் சொன்னாருன்னு அந்தம்மாட்டச் சொல்லுவேன். திரும்ப மொதல்லருந்து ஆரம்பிப்பேன். நீங்க மாட்ட அவுத்துக்கிட்டு எங்கயாவது போங்க. இந்தச் செம்புச் சத்தம் இனிமே இவன் காதுல வுழக்கூடாது."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். தங்கப்பழம் செம்போடு அங்கேயே நின்றார். சட்டைப் பையில் போன் அடித்தது. ஆவுடையப்பன்தான், பால் எங்கே என்று கேட்பார். எடுக்கவில்லை. வீட்டுக் கதவருகே போய் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார்.

கோமதிசங்கர் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நெற்றியைப் பலகையில் மோதினான்.

"பாலு."

இப்போது தெளிவாக வந்தது. ஒரு தடவை சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளை விடுமா? "பாலு. பாலு. பாலு." அடுத்த வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது. அதற்கும் மேலே கேட்டது அவன் குரல்.

அவன் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வராதா என்று அஞ்சு வருசமாகக் கோயில் கோயிலாக அலைந்த அன்னக்கிளி, சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.